கன்ட்ரோல் சி எந்த மடையில் நின்றது?

பாளையங்கோட்டையில் நான் நடத்தும் தட்டச்சுக் கடைக்குப் போன ஆனி மாதம் ஓர் ஆசிரியை மடிக்கணினியோடு வந்தார். மறுநாள் மாதத் தேர்வு. கேள்வித்தாள் பாதியில் நிற்கிறது. "அண்ணாச்சி, கன்ட்ரோல் சி செத்துப்போய்விட்டது. வேறோர் இடத்தில் காட்டினேன். விசைப்பலகையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள்" என்றார். அதே கணினியில் அவருடைய மகளின் பிறந்த நாள் படங்கள் முதல் பத்து வருடக் கேள்வித்தாள்கள் வரை இருந்தன. எதற்கும் வேறு பிரதி கிடையாது.

அந்தக் கணினியில் மாற்றவோ அழிக்கவோ எதுவும் இல்லை. என்ன கோளாறு என்று பின்னால் சொல்கிறேன். இப்படி வருகிறவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் சொல்லும் ஒரு விஷயம் உண்டு; அதை எழுதி வைப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். நகலெடுக்கும் கன்ட்ரோல் சி போல, விசைகளைச் சேர்த்து அழுத்திக் கட்டளை கொடுப்பதைத்தான் குறுக்குவிசை என்கிறோம். அது ஒரு பொருள் அல்ல, ஒரு பயணம். அது வேலை செய்யவில்லை என்றால், வழியில் எங்கோ நின்றுவிட்டது என்று பொருள். எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் அடிப்படை. கன்ட்ரோல் விசைக்கும் சி விசைக்கும் நகலெடுக்கும் திறமை எதுவும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நகலெடு என்று பொருள் கொள்வோம் என்பது மென்பொருள் எழுதியவர்கள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு. வெட்டு, நகலெடு, ஒட்டு என்ற முறையை உருவாக்கியதில் அமெரிக்கக் கணினி அறிஞர் லாரி டெஸ்லருக்குப் பெரும் பங்கு உண்டு. 1983-இல் வந்த ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினியிலேயே செய்ததைத் திரும்பப் பெற இசட், வெட்ட எக்ஸ், நகலெடுக்க சி, ஒட்ட வி என்று நான்கும் ஒதுக்கப்பட்டுவிட்டன. விசைப்பலகையின் இடது கீழ் வரிசையில் நான்கும் அடுத்தடுத்து இருப்பதைப் பாருங்கள். வலது கை சுட்டெலியில் இருக்கும்போது இடது கை எட்டும் இடம் அது.

ஏற்பாடு என்பதால் மென்பொருளுக்கு மென்பொருள் அது மாறவும் செய்யும். கன்ட்ரோல் எஃப் என்றால் தேடு என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கணினியில் நிறுவப்படும் அவுட்லுக் மின்னஞ்சல் செயலியில் நெடுங்காலமாகவே அதே விசை, வந்த கடிதத்தை இன்னொருவருக்கு அனுப்பும். அது பழுதல்ல, அந்த வீட்டின் வழக்கம். எனவே ஒரே ஒரு செயலியில் மட்டும் ஒரு குறுக்குவிசை ஒத்துழைக்கவில்லை என்றால், அந்தச் செயலியில் அதற்கு என்ன பொருள் என்று பார்த்துவிடுவது நல்லது.

இனி அந்தப் பயணம். பாபநாசம் அணையில் திறந்துவிடும் தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஏழு அணைக்கட்டுகளைக் கடக்கிறது. ஒவ்வோர் அணைக்கட்டிலும் கால்வாய் பிரிகிறது, கால்வாயில் மடைகள் பிரிகின்றன. கடைமடையில் வயல் காய்ந்தால், அணையில் தண்ணீரே இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிடுவதில்லை. எந்த மடை அடைபட்டிருக்கிறது, எந்த வாய்க்காலில் திருப்பி விட்டிருக்கிறார்கள் என்று கரையோடு நடந்து பார்ப்பார்கள். குறுக்குவிசையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். விரல் அழுத்துவதை விசைப்பலகை உணர்கிறது. அது ஒரு குறியீடாக, விண்டோஸ் போன்ற இயங்குதளத்துக்குப் போகிறது. அங்கே தங்களுக்கென்று சில விசைகளைக் கேட்டு வைத்திருக்கும் மென்பொருள்கள் காத்திருக்கின்றன. அவர்கள் விட்டுவைத்தது, அந்த நேரத்தில் முன்னால் திறந்திருக்கும் சாளரத்துக்குப் போகிறது. அந்தச் செயலி புரிந்துகொண்டு வேலையைச் செய்கிறது. இவற்றில் எந்த இடத்திலும் அது நிற்கலாம்.

கரையோடு நடப்பதற்கு முன், கடைமடையிலேயே ஒரு சோதனை. குறுக்குவிசையை விட்டுவிடுங்கள், சுட்டெலியின் வலது பொத்தானை அழுத்தி வரும் பட்டியலில் நகலெடு என்பதைத் தேர்ந்து பாருங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் கோளாறு விசையில் இல்லை, வேலையில் இருக்கிறது. நகலெடுக்க முடியாதபடி பூட்டிய பிடிஎஃப் கோப்பாக இருக்கலாம். அது எழுத்தே இல்லாமல் ஸ்கேன் செய்த படமாக இருக்கலாம். பட்டியல் வழியாக நடக்கிறது, விசை வழியாக மட்டும் நடக்கவில்லை என்றால்தான் நாம் வழியைத் தேட வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் விசைப்பலகையை மாற்றியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

முதல் மடை, விசைப்பலகை. உள்ளே நூற்றுச் சொச்சம் விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. பத்தமடைப் பாயில் பாவும் ஊடும் போல, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்கோடுகள் ஓடுகின்றன. ஒரு விசையை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் சிறிய சில்லு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இந்தக் கோடுகளைச் சரிபார்த்து, எந்தச் சந்திப்பு தொட்டது என்று கண்டுகொள்கிறது. ஆகவே ஒரு கோடு அறுந்தால் ஒரு விசை மட்டும் போகாது, அந்தக் கோட்டில் உள்ள பல விசைகள் சேர்ந்தே போகும். ஒரே ஒரு விசை மட்டும் மக்கர் செய்கிறது என்றால் பெரும்பாலும் அதன் அடியில் தூசியோ பிசுக்கோதான்.

எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்றுக்கு மேசைமேல் எதை வைத்தாலும் மாலைக்குள் புழுதி படிந்துவிடும். விசைப்பலகையின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தட்டி, மென்மையான தூரிகையால் துடைத்தாலே பல விசைகள் உயிர்பெறும். இனிப்பு பட்டால்தான் தொல்லை. சென்ற வருடம் ஒருவருடைய விசைப்பலகையில் கருப்பட்டிக் காபி சிந்தியிருந்தது. துடைத்துவிட்டதால் மேலே பார்க்க எல்லாம் சுத்தம். ஆனால் இடது கன்ட்ரோல் விசையை அழுத்தினால் அது உடனே மேலே எழும்பவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டு எழுந்தது. அந்த ஒரு நொடிக்குள் அவர் தட்டிய எழுத்துகள் எல்லாம் கட்டளைகளாக மாறிப் போயின. எஸ் தட்டினால் கோப்பு சேமிக்கப்பட்டது, பி தட்டினால் அச்சுப் பெட்டி திறந்தது. கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்றே அவர் நம்பியிருந்தார்.

விசை பழுதா என்று அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. பெரும்பாலான விசைப்பலகைகளில் கன்ட்ரோல் இரண்டு பக்கமும் இருக்கிறது. இடதில் நடக்காதது வலதில் நடந்தால், குற்றவாளி இடது கன்ட்ரோல்தான். இரண்டிலும் நடக்கவில்லை என்றால் சி விசையை மட்டும் தட்டுங்கள், எழுத்து விழுகிறதா என்று தெரிந்துவிடும். இன்னொரு பழைய வழியும் உண்டு. 1980களின் இறுதியில் ஐபிஎம் வகுத்த முறைப்படி, நகலெடுக்கக் கன்ட்ரோல் இன்சர்ட், ஒட்ட ஷிஃப்ட் இன்சர்ட், வெட்ட ஷிஃப்ட் டெலீட். விண்டோஸின் பெரும்பாலான செயலிகளில் இவை இன்றும் நடக்கும். சி விசை போனவர்கள் புதுப் பலகை வரும்வரை இதை வைத்தே காலம் தள்ளலாம்.

அடுத்த சோதனை கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துவது. 1981-இல் வந்த ஐபிஎம் தனிக் கணினிக்காக டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் அமைத்த கூட்டு இது. அன்று அது கணினியை மறுதொடக்கம் செய்தது. இன்றைய விண்டோஸில் இந்தக் கூட்டை இயங்குதளம் தன் கையிலேயே வைத்திருக்கிறது. வேறெந்த மென்பொருளும் இடையில் புகுந்து பறித்துக்கொள்ள முடியாது. நம் தேடலுக்கு இது மிகவும் உதவும். பூட்டு, வெளியேறு என்ற தேர்வுகளுடன் அந்தத் திரை வந்துவிட்டால் உங்கள் கன்ட்ரோலும் ஆல்ட்டும் இயங்குதளம்வரை போய்ச் சேர்கின்றன. மேல்மடையில் அடைப்பு இல்லை. எஸ்கேப் தட்டித் திரும்பி வந்து, கீழ்மடைகளைப் பாருங்கள்.

கருப்பட்டிக் காபி சிந்தாமலேயே அதே நோய் வருவதும் உண்டு. ஒரு விசையை அழுத்தும்போது கணினிக்கு ஒரு செய்தி போகிறது, விடும்போது இன்னொரு செய்தி போகிறது. அழுத்தினேன், விட்டேன் என்று இரண்டு. இரண்டாவது செய்தி வழியில் தொலைந்துவிட்டால், நீங்கள் எப்போதோ கையை எடுத்திருந்தாலும் கன்ட்ரோலை இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகவே கணினி நினைத்துக்கொண்டிருக்கும். தொலைவில் உள்ள கணினியை நம் திரையில் திறந்து வேலை செய்யும்போது இது அடிக்கடி நேர்கிறது. இந்தப் பக்கம் அழுத்தி, அந்தப் பக்கம் விடுகிறோம். அறிகுறிகளை மறக்காதீர்கள்: சுட்டெலிச் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராமல் எழுத்து பெரிதாகிச் சிறிதாகும். ஒரு கோப்பைச் சொடுக்கினால் முன்பு தேர்ந்ததும் சேர்ந்தே இருக்கும். இதற்கு மருந்து எளிது. இரண்டு பக்கக் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் ஆறையும் ஒவ்வொன்றாக ஒரு முறை தட்டி விடுங்கள். விட்டேன் என்ற செய்தி புதிதாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஓ மூன்றையும் அழுத்தினால் திரையிலேயே ஒரு விசைப்பலகை தோன்றும். நீங்கள் கையால் அழுத்துவது அதில் ஒளிரும். யாரும் தொடாமலேயே கன்ட்ரோல் ஒளிர்ந்துகொண்டிருந்தால் சிக்கல் அங்கே.

இப்போது ஆசிரியையின் கணினிக்கு வருகிறேன். மேலே சொன்ன சோதனைகளில் விசைகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் அவர் வேகமாகத் தட்டச்சு செய்தபோது எழுத்துகள் விழவே இல்லை. நான் ஒரு விசையை அழுத்திக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தபோது விழுந்தது. அப்போதே தெரிந்துவிட்டது. விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்று ஒரு வசதி இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்கள் தவறுதலாகத் தொடும் விசைகளைப் பொருட்படுத்தாமல், நிதானமாக அழுத்துவதை மட்டும் ஏற்கும். வலது ஷிஃப்ட்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் அதை இயக்கட்டுமா என்று கணினி கேட்கும். ஆசிரியை விடைத்தாள் கட்டை விசைப்பலகையின் வலது ஓரத்தில் வைத்துவிட்டுத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். தோன்றிய பெட்டியை வாசிக்காமல் என்டர் தட்டியது அவருக்கு நினைவு வந்தது. கன்ட்ரோல் சி என்பது கண்ணிமைக்கும் நேரத்தில் தட்டிவிட்டு எடுக்கும் விசை. அந்த வசதி இயங்கும்போது அது கணக்கிலேயே வராது. அமைப்புகளுக்குள் போய் அணுகல்தன்மைப் பகுதியில் விசைப்பலகையைத் திறந்து அதை நிறுத்தினேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

இதற்கு அண்டை வீடு ஸ்டிக்கி கீஸ். ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் வரும். கன்ட்ரோலைத் தட்டிவிட்டு, கையை எடுத்துவிட்டு, பிறகு சி தட்டினாலும் சேர்த்து அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இருக்கிறது. ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இது பெரிய துணை. என் கடைக்கு வரும் ஓர் இளைஞர் இதன் உதவியால்தான் மனுக்கள் எழுதிப் பிழைக்கிறார். அதனால் இதைத் தொல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. தேவைப்படாதவர்கள், தெரியாமல் இயங்கிவிடாதபடி அந்த ஷிஃப்ட் வழியை மட்டும் அதே அமைப்பில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் தட்டச்சு செய்கிற நம் எல்லாருக்கும் உரிய மடை அடுத்தது. விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்தால் மொழி மாறும். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்தாலும் மாறும். கை தவறி மாறிவிட்டால் பலருக்குத் தெரிவதே இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், சி இருக்கும் இடத்தில் ஒ இருக்கிறது. பெரும்பாலான செயலிகள் எழுத்தைப் பார்ப்பதில்லை, விசை இருக்கும் இடத்தைப் பார்க்கின்றன. ஆகவே தமிழ் நிலையிலும் கன்ட்ரோல் சி நடக்கும். சில செயலிகள் எழுத்தைப் பார்க்கின்றன. அவற்றுக்குக் கன்ட்ரோலும் சியும் போய்ச் சேர்வதில்லை, கன்ட்ரோலும் ஒவும்தான் போகின்றன. அப்படி ஒரு கட்டளையே அவற்றிடம் இல்லை, பேசாமல் இருந்துவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு ஒரு முறை அழுத்திப் பார்ப்பதை எப்போதும் முதல் சோதனைகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் தட்டச்சு மென்பொருள்கள் வேறொரு வகையிலும் குறுக்கே வரும். ஆல்ட்டுடன் ஓர் எண்ணை அழுத்தினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறும்படி அவற்றில் சில அமைந்திருக்கின்றன. வேர்டு செயலியின் உச்சியில் சேமி, மீளெடு போன்ற சிறிய படங்கள் இருக்கும் பட்டை உண்டு அல்லவா, அவற்றுக்கும் ஆல்ட் ஒன்று, ஆல்ட் இரண்டு என்றுதான் குறுக்குவிசை. இரண்டு பேரும் ஒரே விசையைக் கேட்டால், முன்னால் நிற்பவருக்குத்தான் கிடைக்கும். இயங்குதளத்தின் வாசலிலேயே நிற்கும் தட்டச்சு மென்பொருள் அதை எடுத்துக்கொண்டுவிடும், வேர்டுக்குச் செய்தியே போகாது. மேல்மடைக்காரர் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். தட்டச்சு மென்பொருளின் அமைப்பில் வேறு விசையைக் கொடுத்துவிட்டால் இருவருக்கும் வழி பிறந்துவிடும்.

திரையைப் படம் பிடிக்கும் கருவிகள், அரட்டைச் செயலிகள், திரைக்காட்சியைக் கவனிக்கும் வரைகலை இயக்கிகள் எல்லாம் இப்படி முன்கூட்டியே விசைகளைப் பதிந்து வைக்கின்றன. விண்டோஸின் வழக்கப்படி ஒரு கூட்டை முதலில் பதிந்தவருக்கே அது சொந்தம். அடுத்து வந்து கேட்பவருக்கு மறுப்புதான். கன்ட்ரோல், ஆல்ட், அம்பு விசையை அழுத்தியதும் திரை தலைகீழாகப் போய்விட்டது என்று பழைய கணினிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது வரைகலை இயக்கி பதிந்து வைத்த விசையின் வேலை. அதே கூட்டில் மேல் அம்பை அழுத்தினால் நேராகிவிடும். ஆகவே நேற்றுவரை நடந்த குறுக்குவிசை இன்று நடக்கவில்லை என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, இந்த வாரம் புதிதாக என்ன நிறுவினீர்கள் என்பதுதான். நினைவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்திப் பணி மேலாளரைத் திறந்து, கணினியோடு சேர்ந்து தொடங்கும் செயலிகளில் பாதியை நிறுத்திவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். குறுக்குவிசை நடந்தால் ஆள் நிறுத்திய பாதியில் இருக்கிறார். நடக்கவில்லை என்றால் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் பதினாறு செயலிகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க நான்கே சுற்று போதும்.

முன்னால் எந்தச் சாளரம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். விசைச் செய்தி அதற்குத்தான் போகும். திரையில் பெரிதாக வேர்டு தெரிந்தாலும், கடைசியாக நீங்கள் சொடுக்கியது பின்னால் உள்ள உலாவியாக இருக்கலாம். பதில் கேட்டுக்கொண்டு ஒரு சிறிய பெட்டி எங்காவது மறைந்து நின்றாலும், அதற்குப் பதில் சொல்லும்வரை அந்தச் செயலி வேறு எதையும் காதில் வாங்காது. ஆவணத்தின் நடுவில் ஒரு முறை சொடுக்கிவிட்டு அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கணக்கு எழுதும் கடைகளில் நான் பார்க்கும் ஒன்று கொஞ்சம் நுட்பமானது. எல்லா இடத்திலும் நடக்கும் தமிழ் தட்டச்சு மாற்று விசை, கணக்குச் செயலி ஒன்றில் மட்டும் நடக்காது. அந்தச் செயலியை நிர்வாகி அதிகாரத்தோடு திறந்திருப்பார்கள். விண்டோஸ் விஸ்டா தொட்டு, குறைந்த அதிகாரத்தில் ஓடும் மென்பொருள், உயர்ந்த அதிகாரத்தில் ஓடும் சாளரத்தின் விசைகளை எட்டிப் பார்க்க முடியாது. பாதுகாப்புக்காகச் செய்த நல்ல தடுப்பு அது. கணக்குச் செயலிக்கு அந்த அதிகாரம் உண்மையிலேயே தேவையா என்று பார்த்துச் சாதாரணமாகத் திறந்தால் விசை திரும்பிவிடும்.

மடிக்கணினிகளில் எஃப்2, எஃப்5 போன்றவை ஒலியையும் வெளிச்சத்தையும் மாற்றுகின்றன என்றால், எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல மடிக்கணினிகளில் எஃப்என், எஸ்கேப் இரண்டும் சேர்ந்தால் அந்த நிலை நிரந்தரமாக மாறும். வேர்டில் மட்டும் பல குறுக்குவிசைகள் குழம்பிப் போயிருந்தால், அதன் விருப்பங்களில் நாடாவைத் தனிப்பயனாக்கும் பகுதியின் அடியில் விசைப்பலகை அமைப்பு இருக்கிறது. அங்கே எல்லாவற்றையும் பழையபடி ஆக்கும் பொத்தான் உண்டு. நீங்களே அமைத்துக்கொண்ட விசைகளும் போய்விடும் என்பதால் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால், கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கை உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே நடந்தால் கோளாறு உங்கள் கணக்கின் அமைப்புகளில்தான். அங்கும் நடக்கவில்லை, வேறு விசைப்பலகையைச் செருகினாலும் நடக்கவில்லை என்ற நிலையில்தான் இயக்கி, மறுநிறுவல் என்று பேச வேண்டும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் அழிக்கலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அழிந்த படங்கள் திரும்பி வருவதில்லை. அந்த ஆசிரியை ஒரு நாள் முன்னதாகத் தலையாட்டியிருந்தால், மகளின் எட்டு வருடப் படங்கள் ஒரு ஷிஃப்ட் விசைக்காகப் போயிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் பார்த்ததை எழுதிக் கொண்டுபோங்கள். போன வாரம் வீரவநல்லூரிலிருந்து வந்த ஒருவர் இப்படி எழுதிக் கொண்டுவந்தார்: "பட்டியலில் நகல் ஆகிறது. விசையில் ஆகவில்லை. இடது கன்ட்ரோல் இல்லை, வலது உண்டு. எல்லாச் செயலியிலும் இப்படித்தான். வேறு பலகையில் சரியாக இருக்கிறது." தாளை வாசித்து முடித்ததும் விசைப்பலகையைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். கணினியைத் திறக்கவே இல்லை.